ராகிச் சிவப்பு

சகாயபுரம் பங்குப் பேரவைக்குத் தலைவர் பங்குச் சாமியார். அது திருச்சபைச் சட்டம். சாமியாரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஊருக்கே தலைவர், துணைத்தலைவரான தான்தான் என்பது அருள்சாமியின் கணக்கு. இந்தக் கணக்கை ஊரில் யாரும் சரிபார்த்ததில்லை. மறுத்ததும் இல்லை. பால் சொசைட்டியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எல்லோரும் அவரை இன்னமும் ‘செகரெட்ரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அதுவும் ஒரு பதவிதானே என்று அவரும் விட்டுவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அறிவிப்பு வாசிப்பது அவர் வேலை. மற்ற ஊர்களில் அறிவிப்பு என்றால் இரண்டு வரி. சகாயபுரத்தில் அது இரண்டாவது பிரசங்கம். ஒருமுறை சாலம்மாளின் வெள்ளாடு காணாமல் போனதை அறிவிக்கச் சொன்னார்கள். ‘இறைவனின் பேரன்பால் இங்கே குழுமியிருக்கும்’ என்று ஆரம்பித்து, நல்ல ஆயன் உவமை வழியாக அவர் ஆட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஆடு தானாகவே வந்து கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

இப்பேர்ப்பட்டவர் பொங்கல் முடிந்த கையோடு ஒரு திட்டம் தொடங்கினார். கோவிலை ஒட்டி கன்னியர்கள் நடத்துகிற மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் ஒரு டம்ளர் ராகிக் கஞ்சி. ராகி அவருடைய சொந்தக் காட்டில் விளைந்தது. வறுத்து அரைத்தது அவர் மனைவி ஜோஸ்பின். காய்ச்சி ஊற்றியது பள்ளியில் வேலை செய்த காவியா. பிள்ளைகளுக்கு ஊட்டியது மருமகள் இசபெல்லா, எல்கேஜி டீச்சர். அருள்சாமி பெயர் வைத்தார்: ‘வளரும் மொட்டுகள் ஊட்டப் பெருந்திட்டம்.’ தர்மபுரி மாவட்டத்தில், மூன்று வேளையும் களி கிண்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு, ராகியை ஒரு புதுக் கண்டுபிடிப்பு போலக் கொடுக்க ஒரு தைரியம் வேண்டும். அது அவரிடம் இருந்தது.

திட்டம் தொடங்கிய சில நாட்களில் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. லேசாகக் காய்ச்சல். தலைமையாசிரியை சிஸ்டர் கேத்தரின், பனிக்காலம் போகிற போக்கில் வருகிற சளி என்று நினைத்தார். இசபெல்லா காலை முதல் மாலை வரை முந்தானையாலேயே பத்துப் பதினைந்து மூக்குகளைத் துடைத்தாள். அப்போது அவளுக்கு நான்காம் மாதம். கல்யாணமாகி நான்கு வருடம் காத்திருந்து தரித்த பிள்ளை. கஞ்சியினால் சளி பிடிக்கிறதோ என்று யாரோ ஒரு தாய் கேட்டதற்கு அருள்சாமி, ராகி உள்ளே போனால் உடம்பில் இருக்கிற கெட்ட நீரை வெளியே தள்ளும், இது அதன் முதல் கட்டம் என்று விளக்கம் கொடுத்தார். இரண்டாம் கட்டம் என்ன என்று அவருக்கும் தெரியாது.

அது தானாகவே வந்தது. சளி நின்ற பிறகு ஒரு திங்கட்கிழமை காவியாவின் மகள் சுசித்ரா, இரண்டு கன்னத்திலும் யாரோ பளீரென்று அறைந்தது போலச் செக்கச்செவேல் என்று வந்து நின்றாள். அந்த வாரத்துக்குள் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகள். மாநிறப் பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. தொட்டால் கன்னம் சூடாக, சொரசொரப்பாக இருந்தது. இசபெல்லா ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது மாமனாரிடம் சொன்னாள்.

“மாமா, புள்ளைங்களுக்குக் கன்னமெல்லாம் தடிச்சாப்ல இருக்குதுங்க. கையில கூட வலை போட்டாப்ல செவந்திருக்குது.”

“ரத்தம் ஊறுதும்மா” என்றார் அருள்சாமி, களி உருண்டையைக் குழம்பில் புரட்டிக்கொண்டே. “ஊறுன ரத்தம் எங்கியாச்சும் தெரியணுமில்ல.”

ஊறின ரத்தம் ஊருக்குத் தெரிய வேண்டாமா? மறுநாளே கடத்தூரிலிருந்து ஸ்டூடியோ முனியப்பனை வரவழைத்தார். போட்டோ, வீடியோ, பிளக்ஸ் போர்டு எல்லாம் முனியப்பன் ஒருவனே. சிவந்த பிள்ளைகளை முன்வரிசையிலும் சிவக்காத பிள்ளைகளைப் பின்வரிசையிலும் நிறுத்தி, நடுவில் சுசித்ராவை இசபெல்லாவின் மடியில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்த முனியப்பன், செவப்பு கொஞ்சம் கம்மியாகத் தெரிகிறது, ஏத்தட்டுங்களா என்று கேட்டான். அருள்சாமி யோசித்துவிட்டு, உண்மைக்கு மாறாக இல்லாமல் ஏத்து என்றார். முனியப்பன் ஏத்தியதில் பிள்ளைகள் தக்காளிப் பெட்டி போல ஆகிவிட்டார்கள்.

ஒரு வாரத்தில் போர்டு கோவில் முகப்பில் நின்றது. ‘ராகியால் சிவந்தன எம் மழலையர் கன்னங்கள்!’ கீழே பிள்ளைகள். மேலே, பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்தால் வருகிற அளவுக்கு, கைகூப்பியபடி அருள்சாமி. மார்ச்சில் ஆண்டு விழா. மறைவட்ட முதன்மைக் குரு வந்து திட்டத்தைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. பொன்னாடையையும் அருள்சாமியே சேலத்தில் எடுத்து வைத்திருந்தார்.

இதற்கிடையில் இசபெல்லாவுக்கு விரல் கணுவெல்லாம் வலி. சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. காலையில் எழுந்தால் முட்டி மடங்கவில்லை. மாசமாக இருந்தால் உடம்பு ஒரு பக்கமாக இழுக்கத்தான் செய்யும் என்று ஜோஸ்பின் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். நான்கைந்து நாளில் வலி போய்விட்டது. போனது போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்குத் தர்மபுரிக்குப் போனது தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கிற மகன் டேவிட்ராஜ் அங்கிருந்து நேரே வந்துவிட்டான். அருள்சாமி கூடப் போனதற்குக் காரணம், ஸ்கேன் செண்டர் மருத்துவரிடம் திட்டத்தைப் பற்றி எடுத்துச்சொல்லி ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் கொடுப்பது. அழைப்பிதழ் சட்டைப் பையில் இருந்தது.

டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கும்போது பேசிக்கொண்டேதான் இருந்தார். பாதியில் பேச்சு நின்றது. கருவியை வயிற்றில் ஒரே இடத்தில் வைத்து, திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு மூவரையும் உட்காரச் சொன்னார். குழந்தையின் வயிற்றுக்குள் நீர் கோத்திருக்கிறது, இருதயம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, ரத்தம் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் பிள்ளைக்கு ரத்தம் ரொம்பக் குறைவாக இருப்பது போலத் தெரிகிறது என்றார். நீர் என்றதும் அருள்சாமிக்கு, தான் சொன்ன கெட்ட நீர் ஞாபகம் வந்தது. அப்படி வந்தது அவருக்கே பிடிக்கவில்லை.

“நீங்க டீச்சருங்களா?” என்று மருத்துவர் இசபெல்லாவைக் கேட்டார். “போன மாசம் ஸ்கூல்ல புள்ளைங்களுக்கு சளி, காய்ச்சல் வந்து, அப்புறம் கன்னம் ரெண்டும் அறைஞ்ச மாதிரி செவந்துச்சா?”

இசபெல்லா மாமனாரைப் பார்த்தாள். டேவிட்ராஜும் பார்த்தான். அருள்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அது ராகிங்க” என்றார்.

“என்னதுங்க?”

“கேவுரு. நம்ம திட்டத்துல தெனமும் கஞ்சி குடுக்கறமுங்க. அதுல ரத்தம் ஊறி…”

அந்தம்மா சிரித்திருந்தால் கூட அவர் தாங்கியிருப்பார். சிரிக்கவில்லை. “ராகி நல்லதுதாங்க. ஆனா இது ராகி இல்லை. பார்வோன்னு ஒரு வைரஸ்” என்றார்.

பால் சொசைட்டிக் காலத்தில் கால்நடை மருத்துவர்களோடு சுற்றியவர் அருள்சாமி. “பார்வோ நாய்க்குட்டிக்கு வர்றதுதானுங்களே? ரத்தமா பேதியாகும்…”

“பேருதாங்க ஒண்ணு. அது வேற. இது மனுசங்களுக்கு மட்டும் வர்றது. நாய்கிட்டருந்து வராது.”

பிறகு நிதானமாக விளக்கினார். பிள்ளைகளுக்கு வந்தால் சளிக்காய்ச்சலோடு போய்விடும். கன்னம் சிவப்பது நோய் போகிற அடையாளம். அதற்கு முன்னால், மூக்கு ஒழுகும்போதுதான் ஒட்டும். பெரியவர்களுக்குச் சில நாள் மூட்டு வலியாக வந்து போகும், சிலருக்கு அதுவும் தெரியாது. பாதிப் பேருக்கு மேல் சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும், அவர்களுக்குத் திரும்ப வராது. வராதவர்கள் மாசமாக இருக்கும்போது ஒட்டினால், அப்போதும் பெரும்பாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மட்டும் உள்ளே இருக்கிற பிள்ளைக்குப் போய், ரத்தம் ஊறுகிற இடத்தையே அடைத்துவிடும். ரத்தம் இல்லாமல் இருதயம் ஓய்ந்துபோகும். அந்தச் சிலரில் ஒருத்தியாக இசபெல்லா இருக்கிறாள் போலத் தெரிகிறது. ரத்தப் பரிசோதனையில் உறுதியாகும். அதற்காகக் காத்திராமல் திங்கட்கிழமையே பெங்களூருக்குப் போக வேண்டும். வயிற்றிலேயே வைத்துப் பிள்ளைக்கு ரத்தம் ஏற்றுகிற மருத்துவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

“தப்பிச்சிடுமுங்களா?” என்று டேவிட்ராஜ் கேட்டான்.

“ஏத்துனா நெறைய புள்ளைங்க தேறிக்குதுங்க. எல்லாமும்னு சொல்ல மாட்டேன். விட்டா கஷ்டம்.”

“நான் சரியா சாப்பிடலீங்களா?” என்றாள் இசபெல்லா.

“சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நீங்க எதுவும் தப்பு பண்ணல.” பேனாவை மூடிவிட்டு மருத்துவர் கேட்டார்: “ஸ்கூல்ல வேற யாராச்சும் மாசமா இருக்காங்களா? இருந்தா உடனே ரத்தம் பாக்கச் சொல்லுங்க.”

அழைப்பிதழ் பையிலேயே இருந்தது.

கடத்தூர் பஸ்ஸில் அருள்சாமிக்கு முன் சீட்டில் மகனும் மருமகளும். ரோட்டோரம் புளி உலுக்குகிற ஆட்கள். மரத்து மேல் ஒருவன் தொரட்டியோடு, கீழே சாக்கு விரித்த பெண்கள். இசபெல்லா அதையே பார்த்துக்கொண்டு வந்தவள், திரும்பாமலே பேசினாள்.

“மாமா, காவியாவுக்கு மூணாம் மாசம்.”

“தெரியும்மா.”

“கஞ்சி காய்ச்சறப்ப வாந்தி எடுத்துக்கிட்டே காய்ச்சுனா. சுசித்ரா அவ மேலதான் படுத்துக்கெடக்கும். அவகிட்ட சொல்லணுமில்லீங்க.”

சொல்லத்தான் வேண்டும் என்று அருள்சாமி ஒத்துக்கொண்டார். ஆனால் எப்போது, எந்த முறையில் என்று இருக்கிறது. ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம்தான். நம் பள்ளியில் நாய் நோய் வந்துவிட்டது என்று ஊர் பேசும். பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். விழா முடிந்ததும் முறைப்படி, சாமியார் தலைமையில், ஒரு விழிப்புணர்வுக் கூட்டமாகவே வைத்துவிடலாம். சொல்லச் சொல்ல அவருக்கே அந்தக் கூட்டம் கண்ணில் தெரிந்தது. மைக், நாற்காலிகள், ஒரு தலைப்பு.

“அது வரைக்கும் அவ வயித்துல இருக்கறது காத்துக்கிட்டு இருக்குங்களா மாமா?” என்றாள் இசபெல்லா. குரலில் கோபம் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப் பாதை. பதினான்கு தலத்துக்கும் முன்னால் நின்று செபம் சொல்வது அருள்சாமி. அன்றைக்கு ஏதோ ஒரு தலத்தை விட்டுவிட்டார். யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்துச் சும்மா இருந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது அடுப்படியிலிருந்து மிளகும் சீரகமும் வதங்குகிற வாசம். சுவரொட்டி. ஆட்டு மண்ணீரலைத் தீயில் வாட்டி மிளகு போட்டுப் பிரட்டினால் ரத்தம் ஊறும் என்று ஜோஸ்பின் கடத்தூருக்கே ஆள் அனுப்பி வாங்கியிருந்தாள். தவக்காலத்தில், அதுவும் வெள்ளிக்கிழமையில், அந்த வீட்டில் இதுவரை முட்டை ஓடு கூட உடைந்ததில்லை. இதை அருள்சாமி இரண்டு மூன்று மேடைகளில் சொல்லியும் இருக்கிறார்.

ஜோஸ்பின் கரண்டியைப் பிடித்தபடி திரும்பி அவரைப் பார்த்தாள். என்ன சொல்லப் போகிறாய், சொல் என்கிற பார்வை. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“டாக்டரம்மா சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லிட்டாங்க” என்றார் மெதுவாக.

“சொன்னாங்கதான். அதுக்கு நான் கைய கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?”

இசபெல்லா இரண்டு துண்டு தின்றுவிட்டு, மாமியாருக்காக மூன்றாவதையும் தின்றாள்.

சனிக்கிழமை காலையில் அருள்சாமி ஒரு சுற்றறிக்கை எழுதினார். ஊரில் எல்லோருக்கும் பொதுவாகப் போய்விட்டால் தனியாக ஒருத்தி வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. ‘பருவநிலை மாற்றத்தின் விளைவாக நம் மழலையரிடையே அண்மையில் தோன்றிய சில மேனி மாற்றங்கள் குறித்துப் பெற்றோர்கள் யாதொரு ஐயமும் கொள்ளத் தேவையில்லை எனினும், தாய்மைப் பேற்றை எதிர்நோக்கும் சகோதரிகள் உரிய ஆலோசனை பெறுவது நலம் பயக்கும்…’ பள்ளிக்குக் கொண்டுபோய் சிஸ்டர் கேத்தரினிடம் கொடுத்தார். சிஸ்டரிடம் இசபெல்லா முதல்நாளே போனில் எல்லாம் சொல்லியிருந்தாள். சிஸ்டர் ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார்.

“செகரெட்ரி, இதுல நீங்க என்னதான் சொல்ல வரீங்க?”

“அதாங்க சிஸ்டர்… மாசமா இருக்கறவங்க ரத்தம் பாத்துக்கணும்.”

“அத எழுதலாமில்ல?”

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காவியா இரண்டு நாளாக வரவில்லை, அவர்கள் வீட்டில் புளி தட்டுகிற வேலை, நானே போய்ச் சொல்லலாம் என்றுதான் செருப்பை மாட்டினேன் என்றார் சிஸ்டர். அருள்சாமி காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். ராகிதான் காரணம் என்று போர்டு வைத்தது சிஸ்டர் இல்லை. “நான் போறன் சிஸ்டர்” என்றார்.

காவியாவின் கணவன் நவநீதன் வீடு ஊரின் மறுகோடியில், மாரியம்மன் கோவில் தெருவில். வாசல் நிறையப் புளி. மாமியார் மாதம்மாள் காய்ந்த பழத்தைக் கல்லில் வைத்துச் சிறு கட்டையால் தட்டி ஓடு நீக்க, காவியா நாரை உருவிக் கொட்டையைப் பிதுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் கையும் பழுப்பேறிப் பிசுபிசுவென்று இருந்தது. பக்கத்தில் சுசித்ரா கொட்டைகளைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சிவப்பு இப்போது சுத்தமாக இல்லை.

“வாங்க செகரெட்ரி. கஞ்சிக்கு ஆள் வரலன்னு கூட்டிப்போக வந்தீங்களா?” என்றாள் மாதம்மாள்.

அருள்சாமி உட்கார்ந்தார். இறைவனின் பேரன்பு என்று ஆரம்பித்தார். அப்புறம் புளி விளைச்சல், வெயில், நவநீதன் எங்கே, காட்டுக்கா என்று சுற்றினார். மாதம்மாள் தட்டுவதை நிறுத்தவில்லை. சுற்றி முடித்து அவர் விஷயத்துக்கு வந்தபோது சுசித்ராவைப் பார்த்துக்கொண்டுதான் பேச முடிந்தது.

“அம்மா காவியா… புள்ளைங்களுக்குக் கன்னம் செவந்தது ராகியால இல்ல. அது ஒரு காய்ச்சல். மாசமா இருக்கறவங்களுக்கு ஒட்டுனா வயித்துப் புள்ளைக்கு ரத்தம் இல்லாம போயிடுதாம். எம்மருமவளுக்கு ஒட்டியிருக்குது. திங்கக்கெழம பெங்களூரு போறம். நீயும் ரத்தம் பாத்துடும்மா.”

காவியாவின் விரல்கள் நின்றன. மாதம்மாள் கட்டையைக் கீழே வைத்தாள்.

“காய்ச்சலுன்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும்” என்றாள். “அம்மன் வந்திருக்குதுன்னு வாசல் நெலவுல வேப்பல கட்டி, மூணு நாளு தாளிக்காம சோறு ஆக்குனம். நீங்க ராகின்னு போர்டு கட்டுனீங்க.”

“அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல.”

“போட்டோக்காரன வெச்சிக்கிட்டு புள்ளைய சிரிக்கச் சொல்லிட்டு இருந்தீங்க. அப்ப யாரு குறுக்க பேசறது?”

காவியாவுக்கு இந்த வழக்கில் அக்கறை இல்லை. “டீச்சருக்கு வெரலெல்லாம் வலிச்சுது. எனக்கு மூட்டெல்லாம் வலிக்கலீங்களே” என்றாள். வலிக்காமலும் வரும் என்று டாக்டரம்மா சொன்னதாக அருள்சாமி சொன்னார். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்று சொன்னதையும் மறக்காமல் சொன்னார். எங்கே போக வேண்டும், என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்று அவள் இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். பிறகு, “டீச்சருக்கு எப்பிடி இருக்குதுங்க?” என்றாள். “கஷ்டம்னுதான் சொல்றாங்க” என்றார்.

அவர் எழுந்தபோது மாதம்மாள் கூப்பிட்டாள். “செகரெட்ரி, அந்த போர்டு இனிமே உங்களுக்கு எதுக்கு ஆவப்போவுது? குடுத்தீங்கன்னா புளி காயப்போட நல்லாருக்கும். சாக்கு பத்தல.”

ஞாயிறு பூசை முடிந்து மைக் முன்னால் நின்றார். ஊர் உட்கார்ந்த இடத்தில் சாய்ந்துகொண்டது. கைப்பிள்ளைத் தாய்மார்கள் சிலர், பிள்ளைக்குப் பசிக்கும் என்று நைசாக எழுந்தும் விட்டார்கள்.

“புள்ளைங்க கன்னம் செவந்தது ராகியால இல்லீங்க. அது ஒரு வைரஸ் காய்ச்சல். நான் சொன்னது தப்பு. மாசமா இருக்கறவங்க ஆஸ்பத்திரியில சொல்லி ரத்தம் பாத்துக்கங்க. எங்க வூட்டுக்காகவும் வேண்டிக்கங்க.”

மைக்கை விட்டு இறங்கிவிட்டார். மக்கள் மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவ்வளவுதான் என்று புரிந்தது. சாமியாரே கூட, மைக் ரிப்பேரா என்பது போல எட்டிப் பார்த்தார்.

நவநீதன் அன்று மதியமே ஏணி போட்டு போர்டை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனான்.

பெங்களூரு ஆஸ்பத்திரியில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு வேண்டாம், இன்றே ஏற்றிவிடலாம் என்றார்கள். தாயின் வயிறு வழியாக மெல்லிய ஊசியை விட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, தொப்புள் கொடி ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டும். ஊசி போகும்போதே பிள்ளையின் இருதயம் நின்றுபோகவும் வாய்ப்பு உண்டு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். டேவிட்ராஜ் காட்டிய இடத்திலெல்லாம் போட்டான். போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து பையில் செருகிக்கொண்டான்.

அருள்சாமி வெள்ளைச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். “எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க. எம்பேரப்புள்ளைக்கு என் தலமொறை ரத்தம் போவட்டும்.”

இளவயது மருத்துவர் ஒருவர் தமிழும் கன்னடமும் கலந்து பொறுமையாகச் சொன்னார். இதற்கென்று தனியாகப் பிரித்துச் சுத்தம் செய்த ரத்தம் அவர்களிடமே தயாராக இருக்கிறது. வீட்டார் ரத்தம் தேவையில்லை.

“பத்துமுங்களா?”

“டீ கிளாஸ்ல கால்வாசி சார். அவ்வளவுதான் தேவை. உள்ள இருக்கறது ஒரு வாழப்பழ சைஸ்.”

“சுல்ப கூத்கொள்ளி தாத்தா” என்றாள் நர்ஸ். கொஞ்சம் உட்காருங்கள் என்று அர்த்தம். அருள்சாமி உட்கார்ந்தார். சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிடத் தோன்றவில்லை. பக்கத்தில் ஜோஸ்பின் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவர் சத்தமாகச் சொல்ல, அவள் பின்னால் முணுமுணுப்பாள். அன்றைக்கு அவள் சொன்னாள், அவர் முணுமுணுத்தார். கால் கிளாஸ் டீயை அவர் மனசில் ஊற்றி ஊற்றிப் பார்த்தார். எவ்வளவு கொஞ்சம். ஊரில் டீக்கடையில் அவ்வளவு மிச்சம் வைத்துக் கீழே கொட்டிவிட்டுத்தான் எழுந்து வருவார்.

கதவு திறந்து டேவிட்ராஜ் வந்தான். அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தான்.

“ஏத்திட்டாங்கப்பா. இருதயம் அடிக்குது. இனிமே பாத்துக்கிட்டே இருக்கணுமாம்.”

பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வாரம் தவறாமல் பெங்களூரு. இரண்டாம் வாரம் நீர் அப்படியே இருந்தது. அந்த வாரம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அதற்கடுத்த வாரம் குறைந்தது. ஈஸ்டர் கழிந்து எடுத்த ஸ்கேனில் நீரே இல்லை, பிள்ளை தானாக ரத்தம் ஊற வைத்துக்கொள்கிறது என்றார்கள். மறுபடி ஏற்ற வேண்டி வரவில்லை. நடுவில் ஒருநாள் நவநீதன் வண்டியை நிறுத்தி, காவியாவுக்கு எப்பவோ சின்ன வயசிலேயே வந்து போயிடுச்சாமுங்க, இனி பயமில்லைன்னாங்க என்று சொல்லிவிட்டுப் போனான். அருள்சாமி மாரியம்மன் கோவில் தெரு வழியாகத் திரும்பி நடந்தபோது நவநீதன் வாசலைப் பார்த்தார். விரித்த போர்டின் மேல் புளி காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லோரும் புளிக்கு அடியில் போயிருந்தார்கள். கூப்பிய இரண்டு கைகள் மட்டும் ஓரமாக வெளியே தெரிந்தன. அதன் மேல் ஒரு கோழி நின்று கொத்திக்கொண்டிருந்தது.

ஆண்டு விழா பொன்னாடை இல்லாமல் நடந்தது. கஞ்சி மட்டும் நிற்கவில்லை. பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடாததால் அது வெறும் கஞ்சியாகிவிட்டது. பிள்ளைகள் அப்போதும் குடித்தார்கள்.

ஆடியில் பெண் குழந்தை பிறந்தது. எடையும் ரத்தமும் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். அருள்சாமியின் நிறம், அப்படியே. ஆவணிக் கடைசியில் ஞானஸ்நானம். மாதம்மாள் வெள்ளிக் கொலுசு கொண்டுவந்தாள். காவியா பெற்று ஒரு வாரம்தான் என்பதால் வரவில்லை. தலையில் தண்ணீர் பட்டதும் குழந்தை போட்ட கூச்சலில் சாமியார் செபத்தை வேகமாக முடித்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் முனியப்பன் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தான். எடுத்ததைக் கேமராவிலேயே பார்த்தவன் நிமிர்ந்தான்.

“செகரெட்ரி, பாப்பாவுக்குக் கன்னம் எப்பிடி செவந்திருக்குது பாருங்க. என்னா குடுக்கறீங்க?”

அருள்சாமியின் முகம் மாறிவிட்டது. சட்டென்று குனிந்து, இசபெல்லாவின் கையிலிருந்த குழந்தையின் கன்னத்தைப் புறங்கையால் தொட்டார். ஒரு கன்னம், பிறகு மறு கன்னம். சட்டைக் கையை விலக்கிக் குட்டிக் கையைப் பார்த்தார். வலை எதுவும் இல்லை. நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். அவள் ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“ஒண்ணும் குடுக்கலப்பா” என்றார் முனியப்பனிடம். “இப்பத்தான் அழுது முடிச்சிருக்கறா.”

“போட்டோவுல இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுங்களா?”

“வேணாம். எறக்கவும் வேணாம். இருக்கறபடி இருக்கட்டும்.”